மாமீ ஆற்றில் வால்ஐயும் பாஸும்: வசந்தகாலத் தூண்டிலுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். ஒஹாயோவில் டொலீடோ நகரத்தின் வழியாக ஓடி ஈரி ஏரியில் கலக்கிற ஆற்றுக்கு மாமீ என்று பெயர். எழுத்தைப் பார்த்து மௌமீ என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ளூர்க்காரர்கள் வாயிலிருந்து "மா-மீ" என்று கேட்ட பிறகு, சனிக்கிழமை விடிகாலையில் மாமியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. அடுத்து மீன். வால்ஐ என்று பிரித்தே எழுதுகிறேன், சேர்த்தால் 'வாலை' என்றாகி நாய்வாலை நிமிர்த்துகிற கதையாகிவிடும். நம் வாளை மீனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கனடாப் பக்கம் இருப்பவர்கள் இதையே பிக்கரல் என்பார்கள், கடையில் அந்தப் பெயரில் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள்.

மார்ச் கடைசியில் ஆற்றங்கரையில் ஆயிரம் பேர் இடுப்பளவு ரப்பர் கால்சட்டையோடு வரிசையாக நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள்: எப்போது போகலாம், என்ன வாங்கலாம்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம், அதிகம் ஒன்றும் வேண்டாம். முதல் கேள்விக்குத்தான் தேதி சொல்லவே முடியாது. வசந்தகாலத்தில் ஆற்று மீன் காலண்டர் பார்ப்பதில்லை, தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் நகர்கிறது. ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் ஒரு தெர்மாமீட்டர். ஒரு கயிற்றில் கட்டி, வெயில் படாத இடத்தில் இரண்டு நிமிடம் தண்ணீருக்குள் விட்டு எடுத்தால் போதும், அன்றைக்கு எந்த மீன், எந்த இடம், எவ்வளவு மெதுவாக என்ற மூன்றுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கணக்கு இதுதான். தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது (சுமார் 4 செல்சியஸ்) ஏரியிலிருந்து வால்ஐ ஆற்றுக்குள் ஏற ஆரம்பித்திருக்கும். 42 முதல் 50 வரை முட்டையிடும் காலம். இந்த ஆற்றில் அது பெரும்பாலும் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முழுக்க நீளும், ஏப்ரல் முதல் இரண்டு வாரம்தான் திருவிழா. 50 தாண்டினால், தலைப்பில் சொன்ன பாஸ், அதாவது ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன், தூக்கம் கலைந்து பசியோடு அலைய ஆரம்பிக்கும், 60-ஐ ஒட்டி அது கூடு போடும். நடுவே, வால்ஐ கூட்டம் கலைந்த கையோடு, வெள்ளை பாஸ் என்று இன்னொரு மீன் மே மாதத்தில் படையாக ஏறி வரும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக அதுதான் நல்ல நேரம், ஏனென்றால் எதைப் போட்டாலும் கடிக்கும். ஒரு விஷயம், இந்த எண்களை வேலி மாதிரி நினைக்காதீர்கள். 46-இல் இருந்த தண்ணீர் ஒரு பனிக்காற்றில் 41-க்கு இறங்கினால், எண்படி மீன் ஆற்றில்தான் இருக்கும், ஆனால் வாயைத் திறக்காது. ஏறிக்கொண்டிருக்கும் 43, இறங்கிக்கொண்டிருக்கும் 47-ஐ விட நல்லது என்பது என் அனுபவம்.

தெர்மாமீட்டருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது ஆற்றின் மட்டம். மாமீ ஆறு இண்டியானாவின் ஃபோர்ட் வேனில் செயின்ட் ஜோசப், செயின்ட் மேரிஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பிறக்கிறது. பேரேரிகளில் (கிரேட் லேக்ஸ்) விழும் ஆறுகளிலேயே மிகப் பெரிய நீர்ப்பிடிப்புப் பரப்பு இதற்குத்தான், அதில் பெரும்பகுதி விவசாய நிலம். அதனால் டொலீடோவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே பெய்த மழை சேற்றைக் கரைத்துக்கொண்டு ஓரிரு நாள் கழித்து உங்கள் முழங்காலுக்கு வந்து சேரும். வாட்டர்வில்லில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை வைத்திருக்கும் அளவுமானியின் எண்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம், மட்டம் எவ்வளவு, வினாடிக்கு எத்தனை கன அடி என்று இரண்டும் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவும் அன்று காலையும் பாருங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் நான் போக மாட்டேன். உயர்ந்து, நின்று, மெல்ல இறங்க ஆரம்பித்த இரண்டாம் நாள் இருக்கிறதே, அந்த நாளுக்கு அலுவலகத்தில் லீவு போடலாம்.

சரி, மீன் எங்கே நிற்கும்? வால்ஐ கூழாங்கல் படுகையில் முட்டையை அப்படியே தூவிவிட்டுப் போகிற மீன், கூடும் கிடையாது, காவலும் கிடையாது. ஆழமில்லாத, சரளைக்கல் பரவிய, தண்ணீர் சலசலத்து ஓடும் இடம் அதற்கு வேண்டும், முட்டைக்கு ஓடும் தண்ணீரிலிருந்து காற்று கிடைக்க வேண்டுமே. மாமீயில் அப்படிப்பட்ட படுகை பெரிஸ்பர்கிலிருந்து மேலே நிறைய இருக்கிறது. சைட் கட் பூங்கா, புளூகிராஸ் தீவு, பட்டன்வுட், ஆர்லியன்ஸ் பூங்கா, ஃபோர்ட் மெக்ஸ் என்று எல்லாருக்கும் தெரிந்த இடங்கள்தான், ரகசியம் ஒன்றும் இல்லை. ஆண் மீன்கள் முதலில் வந்து கடைசிவரை நிற்கும், பெரும்பாலும் 16 முதல் 20 அங்குலம். வயிறு நிறைய முட்டையோடு வரும் பெரிய பெண்மீன், அதன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும், வந்து இறக்கி வைத்துவிட்டு ஏரிக்குத் திரும்பிவிடும். அதனால்தான் பத்து மீன் பிடித்தால் எட்டோ ஒன்பதோ ஆணாக இருக்கிறது.

ஆனால் படுகை தெரிந்தால் மட்டும் போதாது. நானூறு அடி அகல ஆற்றில் மீன் எல்லா இடத்திலும் சமமாக நிற்காது. குளிர்ந்த தண்ணீரில் எந்த மீனும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்ட விரும்பாது, கொஞ்சம் சாய்ந்து நிற்க ஓர் இடம் தேடும். பாறைக்குப் பின்னால், பாறைக்கு முன்னாலும்கூட (தண்ணீர் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு மெத்தை மாதிரி அமைதி உண்டு), தீவின் வால் பகுதியில், அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசிக்கொள்கிற அந்த விளிம்பில். கரையில் நின்று பார்த்தால் அது ஒரு கோடு மாதிரியே தெரியும்: ஒரு பக்கம் சுருக்கம் சுருக்கமாக ஓடும், மறு பக்கம் எண்ணெய் ஊற்றினாற்போல வழவழவென்று இருக்கும், நுரையும் சருகும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மிதந்து போகும். நுரை எந்த வழியில் போகிறதோ அந்த வழியில்தான் உங்கள் தூண்டிலும் போக வேண்டும். வந்ததும் இறங்காமல் ஐந்து நிமிடம் நுரையைப் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் நேரே தொடையளவு தண்ணீருக்கு இறங்கி நடு ஆற்றைப் பார்த்து வீசுவார்கள், மீன் பல நேரம் அவர்கள் முழங்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

இனி சாமான். ஏழு அடி, நடுத்தர வலு உள்ள ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கம்பு), 2500 அளவு ரீல். 10 பவுண்ட் பின்னல் லைன், அல்லது 8-10 பவுண்ட் சாதாரண நைலான் லைன். உறைபனிக் காலையில் பின்னல் லைன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து ராட் வளையங்களில் ஐஸ் கட்டும், அப்போது நைலானே மேல். இந்த ஆற்றில் கிட்டத்தட்ட எல்லாரும் போடுவது கரோலினா ரிக். மெயின் லைனில் நடுவே துளையிட்ட முட்டை வடிவ ஈயக்குண்டைக் கோத்து, பின்னால் ஒரு பிளாஸ்டிக் மணி, பிறகு ஸ்விவல், அதாவது லைன் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு. மணி எதற்கென்றால், குண்டு ஓடி ஓடி முடிச்சை அடித்து நசுக்காமல் இருக்க. ஸ்விவலின் மறுமுனையில் ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு லீடர் என்ற தனித் துண்டு லைன், அதுவும் மெயின் லைனைவிட வலுக் குறைந்ததாக, 6 அல்லது 8 பவுண்ட். கல்லில் மாட்டினால் லீடர் மட்டும் அறுந்து, குண்டாவது திரும்பி வரும். லீடரின் நுனியில் மிதக்கும் ஜிக் தலை, அதாவது தூண்டில் முள் பதித்த சின்ன உருண்டை, அதில் மூன்று அங்குல ட்விஸ்டர் டெயில், அதாவது வால் சுருண்ட ரப்பர் புழு. குண்டு தரையைத் தடவிக்கொண்டு உருளும், ஜிக் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்து வரும், வால்ஐயின் மூக்கு இருக்கும் உயரமும் ஏறக்குறைய அதுதான்.

நிறம் பற்றிப் பெரிய சண்டையே நடக்கும். கலங்கலில் பளீரென்ற பச்சைமஞ்சள், ஆரஞ்சு, பிங்க். தெளிந்தால் வெள்ளை. நான் இதற்குமேல் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டியது ஈயத்தின் எடை.

இதை நான் கற்றுக்கொண்ட காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடையில் அள்ளி வாங்கிய முக்கால் அவுன்ஸ் குண்டுகளோடு நின்றுகொண்டு, இரண்டு வீச்சுக்கு ஒன்று கல்லில் மாட்டி, ஒன்பது மணிக்குள் பதினான்கு ரிக் ஆற்றுக்குத் தானம் கொடுத்திருந்தேன். பத்தடி தள்ளி நின்ற பெரியவர் ஒருவர் அதற்குள் மூன்று மீனைச் சரத்தில் கோத்துவிட்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வாயில் கவ்வியிருந்த கையுறையை எடுக்காமலே, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து நீட்டினார். என்னுடையதில் பாதிகூட இருக்காது. அதைக் கட்டி வீசினதும் முதன்முறையாக ஆற்றின் தரை என் கைக்குத் தெரிந்தது: டிக், டிக்... டிக், இடைவெளி, மறுபடி டிக். யாரோ தூரத்தில் விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி. அந்தத் தட்டல்தான் அளவுகோல். குண்டு ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் எடை அதிகம், தட்டலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. ஆறு இறங்க இறங்க எடையும் இறங்க வேண்டும். கால் அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் வரை நாலைந்து அளவு பையில் இருக்கட்டும், மணிக்கொரு முறை மாற்றச் சோம்பல்படாதீர்கள்.

வீசும் விதம். ஆறு உங்கள் முன்னால் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி என்றால், பத்து அல்லது பதினொரு மணித் திசையில் வீசி, குண்டு தரை தொட்டதும் தொங்கும் லைனை மட்டும் சுற்றி எடுத்துவிட்டு, ராட் நுனியைக் கொஞ்சம் உயர்த்தி, குண்டு கூடவே நுனியையும் திருப்பிக்கொண்டு வாருங்கள். நீங்கள் இழுக்க வேண்டாம், ஆறு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மணியைத் தாண்டியதும் லைன் இறுகி ஜிக் வளைந்து கரைப்பக்கம் திரும்பும், பல கடி அந்தத் திருப்பத்தில்தான் வரும். முழுக்க கீழ்த்திசைக்குப் போய்விட்டால் சுற்றி எடுத்து மறுபடி வீசுங்கள். பக்கத்தில் நிற்பவரும் இதையே அதே தாளத்தில் செய்துகொண்டிருப்பார், அவருக்குப் பின் நீங்கள், உங்களுக்குப் பின் அடுத்தவர். தாளம் தப்பினால் லைன்கள் சிக்கும். சிக்கினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உங்கள் லைனை வெட்டுங்கள், அடுத்தவர் லைனை வெட்டாதீர்கள். எழுதாத சட்டம் இது.

கடி எப்படித் தெரியும் என்று கேட்டால், பாதி நேரம் தெரியாது. வால்ஐ இந்தக் குளிரில் பிடுங்காது. ஈரச் சருகு மாட்டினாற்போல ஒரு கனம், அல்லது வந்துகொண்டிருந்த டிக்-டிக் சட்டென்று நின்றுபோகும். நின்றதும் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கல் என்றால் கல்தான், மீன் என்றால் அந்தக் கனம் தலையை ஆட்டும்.

இங்கே ஒரு மனக்கசப்பான விஷயம். மீன் அவ்வளவு நெருக்கமாக நிற்கும்போது, நீளமான லீடர் கட்டி ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் வெடுக்வெடுக்கென்று இழுத்தால், முதுகிலும் வயிற்றிலும் குத்தி மீன் வரும். வேண்டுமென்றே இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த ஆற்றில் வாய்க்குள் தூண்டில் முள் மாட்டாத மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். முதுகில் மாட்டிய மீன் நல்ல சண்டை போடும், பக்கத்தில் இருப்பவர் வலையோடு ஓடி வருவார், பார்த்தால் முள் துடுப்புக்குக் கீழே இருக்கும். ஆசையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். மீன்வளக் காவலர்கள் சாதாரண உடையில் தொலைநோக்கியோடு உங்கள் பின்னாலேயே நின்றிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சட்டம் என்று வந்ததால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 16 வயது முதல் ஒஹாயோ மீன்பிடி உரிமம் வேண்டும், ஒருநாள் உரிமமும் உண்டு, இரண்டையும் செல்போனிலேயே வாங்கலாம். 15 அங்குலத்துக்குக் குறைந்த வால்ஐயை விட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே ஆற்றில் எடுத்தாலும் அளந்துதான் எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க, ராட்டின் கைப்பிடியில் 15 அங்குலத்தில் ஒரு டேப் சுற்றி வைத்துக்கொண்டால் குளிரில் அளவுகோல் தேட வேண்டாம். இந்தக் காலத்தில் ஆற்றின் முக்கியப் பகுதியில் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் தூண்டில் போடலாம், முள்ளின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்பதும் பாஸ் விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் முன் அந்த வருடத்துக் கையேட்டைப் பாருங்கள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே நம்ப வேண்டாம். மினசோட்டாவின் உள்நாட்டு ஏரி, ஆறுகளில் வால்ஐ சீசன் மே மாதத்தில்தான் திறக்கும், ஆனால் அதே மாநிலமும் விஸ்கான்சினும் பங்குபோடும் மிசிசிப்பி எல்லைப் பகுதியில், ரெட் விங் ஊர்ப் பக்கமெல்லாம், வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஆறுக்கு ஆறு சட்டம்.

மீன் கைக்கு வந்த பிறகு ஒரு நிமிடம் அதன் கண்ணைப் பாருங்கள். பால் ஊற்றிய கண்ணாடிக் கோலி மாதிரி இருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு, இரவில் பூனைக்கண் மின்னுகிறதே, அதே ஏற்பாடு. அதனால்தான் இது கலங்கலிலும் மங்கிய வெளிச்சத்திலும் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கிறது, காலை முதல் மணி நேரமும் மாலைக் கடைசி மணி நேரமும் மேகமூட்ட நாளும் நமக்கு லாபமாக இருப்பதும் அதனால்தான். பார்த்து முடித்ததும் கையை வாய்க்குள் விடாதீர்கள். பாஸ் மீனைக் கீழுதட்டில் கட்டைவிரல் வைத்துத் தூக்குகிற பழக்கத்தில் நான் ஒருமுறை இதையும் தூக்கப்போய், கட்டைவிரலில் இரண்டு கோரைப்பல் தடம் ஒரு மாதம் இருந்தது. செவுள் மூடியின் ஓரமும் கத்திதான், முதுகுத் துடுப்பில் முள் நிற்கும். ஈரக்கையால் தலைக்குப் பின்னே கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள், முள்ளைக் கழற்ற நீள மூக்குக் குறடு வைத்துக்கொள்ளுங்கள். வாலின் கீழ் நுனியில் வெள்ளைத் திட்டு இருந்தால் வால்ஐ. அது இல்லாமல், முதுகுத் துடுப்பில் வரிசையாகக் கரும்புள்ளி இருந்தால் அது சாகர் என்ற தம்பி மீன், மாமீயில் பார்ப்பது அரிது, மிசிசிப்பியில் நிறைய வரும்.

இனி உயிர் விஷயம், இதில் மட்டும் கண்டிப்பாகப் பேசுவேன். வேடர் (முதலில் சொன்ன அந்த ரப்பர் கால்சட்டைதான்) போட்டால் அதன் மேல் இடுப்பு பெல்ட் கட்டாயம், இறுக்கமாக. விழுந்தால் உள்ளே தண்ணீர் வேகமாக நிறையாமல் தடுப்பது அதுதான். மாமீயின் தரை பல இடங்களில் வழவழப்பான சுண்ணாம்புப் பாறைத் தகடு, நடுவே திடீர்ப் பள்ளம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், ஒரு கம்பு ஊன்றிக்கொள்ளுங்கள், தொடைக்கு மேல் போகாதீர்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள். 45 டிகிரித் தண்ணீரில் விழுந்தவுடன் மூச்சு தானாக இழுக்கும், சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது, நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே கைகொடுக்காது. தீவுக்கு நடந்து கடந்திருந்தால், நிற்கும் இடத்தில் நீர் மட்டத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு அதை அடிக்கடி பாருங்கள். குச்சி முழுகினால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள், வந்த வழி மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாழ்வான தடுப்பணைகளுக்குக் கீழே மீன் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அணையைத் தாண்டி விழும் தண்ணீர் கீழே உருண்டு அணையை நோக்கியே திரும்பி வரும், அதில் சிக்கிய ஆளை வெளியே விடாது. பார்வைக்கு முழங்கால் உயர நீர்வீழ்ச்சிதான். அருகில் போகவே வேண்டாம்.

ஏப்ரல் முடிகிறது, தண்ணீர் 50 தாண்டிவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்த நேரம், ஆறு முழுக்க நமக்கே. ஸ்மால்மவுத் பாஸ் இப்போது குளிர்கால ஆழத்திலிருந்து எழுந்து, கூடு போடப் போகிற கரையோரங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று தின்னும். வால்ஐயைத் தேடின வேகமான சரளைப் படுகையில் இதைத் தேடாதீர்கள். அதற்குக் கீழே, ஓட்டம் தளர்ந்து மூன்று நான்கு அடி ஆழமாகும் இடம், பெரிய பாறை, விழுந்த மரம், தண்ணீர் வட்டமடித்துத் திரும்புகிற சுழி. வடகரை ஒரு படி மேல், ஏனென்றால் வசந்தகால வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து அந்தக் கரையில்தான் நாள் முழுக்க விழும். காலை ஆறு மணிக்கு ஓடவும் வேண்டாம். வால்ஐக்கு விடியல் என்றால், இந்தப் பருவத்துப் பாஸுக்கு மதியம் இரண்டு மணி. நாலு மணி நேர வெயிலில் ஒரு கரையோரம் மூன்று டிகிரி ஏறியிருக்கும், அந்த மூன்று டிகிரிக்காக மீன் அங்கே வந்து நிற்கும்.

இதற்கும் இரண்டு மூன்று சாமான் போதும். ஒன்று டியூப் ஜிக், மூன்றரை அங்குல ரப்பர்க் குழாய், பூசணிக்காய்ப் பச்சை நிறம், உள்ளே கால் அவுன்ஸ் ஈயம். நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் இருக்கிற க்ரேஃபிஷ் மாதிரி தரையில் நகரும், பாஸுக்கு அது பிரியமான தீனி. தரையில் போட்டு, ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, மறுபடி ஒரு சாண். இன்னொன்று நீருக்குள் மேலேயும் எழாமல் கீழேயும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும் ஜெர்க்பெய்ட் என்ற போலி மீன். இரண்டு சுண்டு, பிறகு நிறுத்து. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 50 டிகிரியில் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், நம்மால் பொறுக்க முடியாத அளவுக்கு நீளமாகத் தோன்றும், ஆறிலேயே கை துறுதுறுக்கும். அப்படி நிறுத்தியிருக்கும்போது லைன் அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தால் அடியுங்கள், கையில் எதுவும் உணர்ந்திருக்க மாட்டீர்கள். 58-க்கு வந்தால் மூன்று எண்ணினால் போதும். இதில் கொக்கிகள் நிறைய, அதனால் வால்ஐ சீசன் முள் விதி இருக்கும் பகுதியிலும் தேதியிலும் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம்.

60 டிகிரியை ஒட்டி, போலராய்ட் கண்ணாடி போட்டுக் கரையோரம் நடந்தால், முழங்கால் ஆழத்தில் யாரோ தட்டைக் கழுவி வைத்தாற்போல இரண்டடி அகலத்துக்கு வெளுத்த வட்டம் தெரியும். பாசியும் சேறும் நீங்கி வெறும் சரளை. அதுதான் கூடு. ஆண் பாஸ் வாலால் துடைத்து உண்டாக்கியது, பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண் தான் முட்டை பொரித்து குஞ்சு சிதறும்வரை வாரக்கணக்கில் பட்டினியாக நின்று காவல் காக்கும். அதன் முன்னால் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் இல்லை, விரட்டுவதற்காக. பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான மீன் கிடையாது, அதனாலேயே நான் போடுவதில்லை. ஐந்து நிமிடம் அதைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், பின்னால் காத்திருக்கும் கோபி, புளூகில் என்ற சின்ன மீன்கள் அந்த ஐந்து நிமிடத்தில் கூட்டைத் துடைத்துவிடும். தெரியாமல் மாட்டிவிட்டதென்றால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி, அதே இடத்தில் விடுங்கள். கூட்டுக்கு எதிரே ஆழத்தில் இன்னும் ஏறி வராத மீன்கள் நிற்கும், அங்கே வீசுங்கள்.

வீட்டுக்கு எடுத்து வருகிற வால்ஐக்குக் கொஞ்சம் யோசனை. ஆற்றோரத்திலேயே செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் வையுங்கள், சரத்தில் வெயிலில் தொங்கவிட்ட மீன் சாயங்காலம் கொழகொழத்துவிடும். சதை வெள்ளையாக, மெல்லிய வாசத்தோடு, முள் குறைவாக இருக்கும். குழம்பில் போட்டால் உடைந்து கரைந்துவிடும், மிளகாய்த்தூள் தடவி வறுக்கத்தான் லாயக்கு. கன்னத்தில் பத்து பைசா அளவு ஒரு சதைத் துண்டு இருக்கும், அதை மறக்காமல் வெட்டி எடுத்து, சமைக்கிறவரே தின்றுவிடலாம், கேட்க ஆள் இல்லை.

வேடரைக் கார் டிக்கியில் மடித்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் முழுக்கக் காய வையுங்கள். அடுத்த வாரம் வேறு ஆற்றுக்குப் போவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஈர வேடரில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றின் பீடை இன்னோர் ஆற்றுக்குப் போகும். மீந்த உயிர் இரையை ஆற்றில் கொட்டாதீர்கள். தெர்மாமீட்டரையும் பையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள், நான் இரண்டு தடவை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.